ஓட்டைக் குடையை எப்போது விரிப்பது

அந்த வீட்டில் பேசுவது தமிழ்தான் என்று நம்ப மருமகளுக்கு வெகுநாள் பிடித்தது.

காலையில் தையல் மெஷினை மிதித்தபடியே மாமியார், "என்னங்க, கடிகாரக்காரர் வர்றாரு போலிருக்கு, கதவைச் சாத்துங்க" என்பாள். மாமனார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "சாத்தினா பாலம் ஆயிடும், சும்மா இரு" என்பார். கணவன் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். மருமகள் மட்டும் காபித் தம்ளரும் கையுமாக முழித்துக்கொண்டு நிற்பாள். வாசலில் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர். கடிகாரத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

விசாரித்ததில், எந்தக் காலத்திலோ சுவர்க் கடிகாரம் பழுது பார்க்க ஒருவர் வந்தாராம். வேலை கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் மனிதர் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், சாயங்காலம்வரை பேசிக்கொண்டே உட்கார்ந்தார். அன்றிலிருந்து எழுந்து போகாத விருந்தாளிகள் எல்லோரும் அந்த வீட்டில் கடிகாரக்காரர்கள். சரி, இது புரிந்தது. பாலம்?

"பாலம்னா என்ன அத்தை?"

"அதான்மா, அந்த சைக்கிள் விஷயம்."

"சைக்கிள் விஷயம்னா?"

"அன்னிக்குப் பாலம் ஆச்சுல்ல, அதே நாள்தான்."

மாமனாரிடம் போனாள். அவர் சைக்கிளில் ஆரம்பித்துப் பாலத்தில் முடித்தார். கணவன் பாலத்தில் ஆரம்பித்துச் சைக்கிளில் முடித்தான். மூன்று பேருக்கும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது, என்ன நடந்தது என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கேட்டுக் கேட்டு இவள் முகம் சுண்டியதும் மாமியார், "வரும்போது வரும், விடு" என்று முடித்துவிட்டாள். எதைக் கேட்டாலும் கடைசியில் இதுதான் பதில்.

அவளுக்கு முழுசாகத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று. ஆரஞ்சு சட்டை. மாமனார் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வேலைக்கு வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியார் அதை ஒரு புதுத் திரைச்சீலையோடு சேர்த்து ஊறவைத்துவிட்டாள். சாயம் ஏறி ஆரஞ்சாக நின்ற சட்டையைப் பார்த்து அவள் அழ ஆரம்பிக்க, இவர், "அட, இந்தக் கலர்தானே எனக்குப் பிடிக்கும்!" என்று மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேனில் வந்த வாண்டுகள் அந்த வருஷம் முழுக்க அவரை ஆரஞ்சு மாமா என்றே கூப்பிட்டன. எதிராளி மனசு நோகக் கூடாதே என்று சொல்கிற பொய்க்கு அதிலிருந்து அங்கே அதுதான் பெயர். கல்யாணமான முதல் வாரம் கணவன் இதைச் சொன்னபோது அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்படி எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் என்று நம்பினாள், பாவம்.

அவள் வளர்ந்த விதமே வேறு. அம்மாவும் அவளுமாக இரண்டே பேர். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரைப் பெயரை மாற்றிச் சொன்னால் ஆளே போய்விடுவார் என்று பயந்து பயந்து பழகியவள். அந்த வீட்டில் குடை என்றால் குடை, தட்டு என்றால் தட்டு. சத்தமும் கம்மி, சிரிப்பும் கம்மி. இந்த வீட்டின் கூச்சலுக்குத்தான் அவள் ஆசைப்பட்டு வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வந்த பிறகு அதற்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்து கிடக்கும் பெயர்களைப் பிரித்துப் பொருள் சொல்வதுதான் அவளுக்கு உத்தியோகம்.

ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். பம்பு மோட்டார் செய்கிறவர்கள் தங்கள் கையேடுகளை எக்ஸ்எம்எல் என்கிற கணினி வடிவத்தில் அனுப்புவார்கள். அவற்றைப் படித்துத் திரையில் காட்டுவதற்கான பார்சர் என்ற நிரலை எழுதுவது அவள் பொறுப்பு. ஒரே வாசகம் கையேட்டில் பல இடத்தில் வரும். ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் ஆவணத்தின் தொடக்கத்திலேயே ஒரு குட்டிப் பெயரை அறிவித்து, இந்தப் பெயர் வருகிற இடத்தில் இந்த வாசகத்தைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு என்டிட்டி என்று பெயர். அந்த வாசகத்துக்குள்ளேயே இன்னொரு என்டிட்டி இருக்கலாம், அதற்குள் வேறொன்று இருக்கலாம். பார்சர் ஒவ்வொன்றாக உள்ளே போய் முழு வாசகத்தோடு வெளியே வர வேண்டும். ஆபீஸில் இதை 'விரிக்கிறது' என்பார்கள்.

அவளுடைய டீம் லீடருக்கு இளநரை. அதனால் தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். அந்த மாதம் தாத்தா தினமும் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, எச்சரிக்கைப் பக்கத்துல கம்பெனி பேரையே காணோம். வெறும் புள்ளிதான் நிக்குது. இன்னும் சில கையேட்டை உன் பார்சர் திறக்கவே மாட்டேங்குது. பேருக்குள்ள அதே பேரு வந்து சுழல் இருக்காம். நான் பார்த்தேன், ஒரு சுழலும் இல்ல, மண்ணும் இல்ல."

"பார்க்கறேன் சார்."

"பார்த்துட்டே இருக்காதே, கண்டுபிடி."

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். மத்தியானம் மாமனார் வெளியே போயிருந்தார். கணவன் ஆபீஸில். தையல் மெஷின் பாதித் துணியோடு நின்றிருந்தது. குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம், நிற்காமல் ஓடுகிற சத்தம். தண்ணீர் வீணாகிறதே என்று எழுந்து போனவளுக்கு அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தை?"

குழாய் இன்னும் கொஞ்சம் திறந்தது.

என்ன செய்வது என்று மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவைத் தட்டலாமா? கணவனைக் கூப்பிடலாமா? அவள் அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை, அதனால் அழுகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் லேப்டாப்பை எடுத்துவந்து அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்படியே வேலையைப் பார்த்தாள். விசைப்பலகைச் சத்தம் உள்ளே கேட்டிருக்கும். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தபோது ஒரு துண்டை நீட்டினாள். மாமியார் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள். இவள் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி படுத்தபோது, ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லத் தெரியாத ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அது நடந்தது. மாமியார் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது காதில் விழுந்ததும் துடைக்கிற கை நின்றது.

"யாரு, இவளா? இவளும் ஒரு ஓட்டைக் குடைதான்டி, போ!" மாமியார் சிரித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

ஓட்டைக் குடை. இந்த வார்த்தையை மருமகள் முன்பே கேட்டிருக்கிறாள். "ஓட்டைக் குடை, ஓட்டைக் குடை! மூக்குக் கண்ணாடியை எங்க வச்சீங்க?" என்று மாமனாரைப் பார்த்து மாமியார் கத்துவாள். வாங்கச் சொன்ன நூலை மறந்து வேறு நூல் வாங்கி வந்தால், "நல்ல ஓட்டைக் குடையைக் கட்டிக்கிட்டேன்!" என்பாள். நல்ல வார்த்தையாக இருக்க வழியே இல்லை.

அன்றைக்கு அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கணவனைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் மாமியார் எதிரில் அவனுக்கு 'நீங்க', கதவைச் சாத்திவிட்டால் 'நீ'.

"ஓட்டைக் குடைன்னா என்ன? உண்மையைச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "அது... சும்மா செல்லமாத் திட்டறது."

"என்னன்னு திட்டறது?"

"ஒண்ணுத்துக்கும் உதவாத ஆளுன்னு. ஓட்டைக் குடை மழைக்கு உதவுமா, அந்த மாதிரி. அப்பாவைச் சொல்வாங்கல்ல, தமாஷுக்குத்தான். ஏன் கேக்கற?"

அவள் பொலபொலவென்று அழுதாள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்ததை நினைத்து நினைத்து அழுதாள். நான் உதவாதவள் என்று எனக்கே தெரியும், அதை ஊரெல்லாம் போன் போட்டு வேறு சொல்ல வேண்டுமா? அவன் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை.

"நாம தனியாப் போயிடலாம்" என்றாள். "உங்க வீட்ல எனக்கு மூச்சு முட்டுது. நீங்க எல்லாரும் சிரிக்கறீங்க, நான் மட்டும் ஏன்னு தெரியாம நிக்கறேன். எத்தனை நாளைக்கு நிக்கறது?"

அவன் நல்லவன். சண்டை போடவில்லை. முகம் மட்டும் வாடிப்போயிற்று. ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு வீடு அமைந்தது. மாடியில் சின்ன வீடு, பெரிய ஜன்னல்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், வருகிறீர்களா இல்லையா என்று முடிவாகச் சொல்லிவிடுங்கள் என்றார் வீட்டுக்காரர்.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவன் விஷயத்தைச் சொன்னான். மாமியாரின் கால் மெஷின் மிதியிலேயே நின்றது. மாமனார் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நல்லதுதானே!" என்றார். "ஆபீஸ் பக்கம், அலைச்சல் மிச்சம். நானே சொல்லணும்னு இருந்தேன்."

"ஆமாமா" என்றாள் மாமியார். "எனக்கும் துணி விரிச்சு வெட்ட இடம் கிடைக்கும். இங்க இடமே பத்தலை, இல்லங்க?"

"பத்தலை, பத்தலை."

இரண்டு ஆரஞ்சு சட்டைகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. யாரும் விளக்காமலே மருமகளுக்கு அது புரிந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே அவள் அதைக் கண்டுகொண்டது அன்றுதான். ஆனாலும் பிடிவாதம் பிடிவாதம்தானே? ஓட்டைக் குடை நெஞ்சில் முள்ளாக நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆபீஸில் அவளுக்கு அந்தப் பிழை அகப்பட்டது. அகப்பட்டபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சின்ன விஷயம்.

கையேட்டில் முதல் வரியில் 'எச்சரிக்கை' என்ற பெயரை அறிவித்திருந்தார்கள். அதன் வாசகத்துக்குள் 'கம்பெனி' என்ற பெயர் இருந்தது. 'கம்பெனி' யார் என்பதை அதற்குக் கீழேதான் அறிவித்திருந்தார்கள். அவள் எழுதிய பார்சருக்கோ ஒரே அவசரம். அறிவிப்பைப் படிக்கும்போதே உள்ளே இருக்கிற பெயரையும் அங்கேயே விரித்துவிடப் பார்த்தது. 'கம்பெனி' இன்னும் வந்து சேரவில்லை. தெரியாது என்று சும்மா இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு வெற்றிடத்தைத் திணித்துவிட்டு மேலே போய்விட்டது. அப்புறம் உண்மையான பொருள் வந்தபோது அதைப் போட இடமில்லை. அறிவிக்கும்போது உள்ளே இருக்கும் பெயரைத் தொடவே கூடாது, அப்படியே மூடி வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணத்துக்குள் அந்தப் பெயரை எங்கே பயன்படுத்துகிறார்களோ அங்கேதான் விரிக்க வேண்டும். அதற்குள் எல்லாப் பெயரும் வந்து சேர்ந்திருக்கும்.

சுழல் விவகாரமும் இதே கதைதான். 'எச்சரிக்கை'க்குள் ஒரு 'கம்பெனி' இருந்தது. பக்கத்தில் 'சேவை மையம்' இருந்தது, அதற்குள்ளும் ஒரு 'கம்பெனி'. இரண்டும் நியாயமான இடங்கள். ஆனால் அவளுடைய பார்சர் ஒரு பெயருக்குள் போகும்போது அடையாளம் போட்டு வைத்தது, வெளியே வந்த பிறகு அதை அழிக்கவில்லை. இரண்டாம் தடவை அதே பெயரைப் பார்த்ததும், ஐயோ சுழல் என்று அலறிவிட்டது. ஒரு பெயரை விட்டு இன்னும் வெளியே வராத நிலையில் அதே பெயர் மறுபடி எதிரில் வந்தால்தான் சுழல். பாலமும் சைக்கிளும் மாதிரி. உள்ளே போய்விட்டு ஒழுங்காக வெளியே வந்த பெயருக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். வெளியே வரும்போது அடையாளத்தை எடுத்துவிட ஒரு வரி சேர்த்தாள். எல்லாக் கையேடும் திறந்தது.

தாத்தா குனிந்து பார்த்தார். "அடடே, ஓடுதே! முன்னாடியே பண்ணியிருந்தா என்னவாம்?" அவர் பாராட்டுவது இப்படித்தான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரே யோசனை. அன்றைக்குக் கணவன் தலையைச் சொறிந்தானே? தெரிந்தவன் எதற்குத் தலையைச் சொறிய வேண்டும்? அவனுக்கே தெரியாதோ? தெரியாது என்று சொல்ல வாய் வராமல் தோன்றியதைப் போட்டு நிரப்பிவிட்டானோ? அவள்தான் என்ன செய்தாள், காதில் விழுந்த வார்த்தையை அங்கேயே அப்போதே விரிக்கச் சொல்லி அவன் கழுத்தைப் பிடித்தாள். இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். வந்தால் வரட்டும், வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இருக்கவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் காய்கறி வாங்கப் போனார். மாமியார் புதுத் துணி ஒன்றை மெஷினிலிருந்து உருவி நூலைக் கடித்து அறுத்தாள். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

"இங்க வா, மடிக்கலாம்."

"யாருக்கு அத்தை இது?"

"உங்களுக்குத்தான். பெரிய ஜன்னல்னு சொன்னான்ல. திரை இல்லாம புது வீட்ல எப்படி இருப்பீங்க? அளவு கேட்டேன், கையை விரிச்சு இவ்வளவுன்னு காட்டறான். அதை வச்சு என்னத்தைத் தைக்கறது? குத்துமதிப்பா வெட்டியிருக்கேன்."

மருமகள் இரண்டு முனையைப் பிடித்தாள். மாமியார் இரண்டு முனையைப் பிடித்தாள். உதறினார்கள், எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனையைச் சேர்த்தார்கள். கைகள் தொட்ட இடத்தில் மாமியார் விடவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லபடியாப் போயிட்டு வா. என்ன, எனக்குன்னு இருக்கறதே ரெண்டு ஓட்டைக் குடை. இனிமே ஒண்ணுதான்."

ஏன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. துணியின் அடுத்த மடிப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். அன்றைக்குக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மாதிரியே சும்மா நின்றாள்.

மாமியார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவனுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா" என்றாள். "என் மூத்தவ. பிறந்து ஒரு பகல்கூட முழுசா இருக்கலை. துணியில சுத்திக் கையில குடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். அப்படி ஒரு மழை. ஒரு வண்டியும் நிக்கலை. உங்க மாமா கையில ஒரு குடை. குடையா அது? கம்பிதான் இருந்துச்சு, துணியெல்லாம் ஓட்டை. அதை விரிச்சு அவர் என் மேலயும் பிடிக்கலை, அவர் மேலயும் பிடிக்கலை. அவ மேல பிடிச்சாரு. வீடு வர்ற வரைக்கும் அவ மேலதான் பிடிச்சிருந்தாரு. நனைஞ்சா அவளுக்குத் தெரியவா போகுது? ஆனா பிடிச்சிருந்தாரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லலை. அந்தக் குடை ஒரு சொட்டு மழையைத் தடுக்கலை. ஆனா அது மட்டும் இல்லேன்னா நான் நடு ரோட்டுலயே உக்காந்திருப்பேன். எழுந்திரிச்சிருக்க மாட்டேன்."

மருமகளின் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"அப்புறம் அவளைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசினதே இல்ல. பேச ஆரம்பிச்சா அதுக்குள்ளயே சுத்திட்டு இருப்பேன், வெளிய வரவே மாட்டேன்னு எனக்குப் பயம். அதனால அவரை ஓட்டைக் குடைன்னு திட்டுவேன். அப்படித் திட்டினா அவளைக் கூப்பிட்ட மாதிரி எனக்கு. அவருக்கும் தெரியும். அதான் எவ்வளவு திட்டினாலும் மனுஷன் சிரிச்சிட்டு நிப்பாரு. என் தங்கச்சிக்கு மட்டும்தான் இது தெரியும்." மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு அவ பிறந்த நாள். குழாயைத் திறந்துவிட்டு உக்காந்திருந்தேன். நீ வந்து கேள்வி கேக்கலை, கதவை உடைக்கலை. டக்டக்னு தட்டிட்டு வெளியவே உக்காந்திருந்த. நல்லது, இன்னொரு குடை வந்து சேர்ந்துச்சுன்னு நினைச்சேன்."

"அத்தை" என்றாள் மருமகள். குனிந்து மாமியாரின் மடியில், அந்த நீலத் துணியின் மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அட, துணி நனையுது பாரு. பரவால்ல, பரவால்ல" என்றாள். அப்புறம் தானே ஆச்சரியப்பட்டவள் போல, "வெளிய வந்துட்டேனே!" என்றாள்.

அறை வாசலில் கணவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு அக்காவா?" என்றான். "ஏன்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"எப்படிடா சொல்றது? வரும்போது வரும்னு இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து மாமனார் இரண்டு பைகளோடு உள்ளே நுழைந்தார். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன இது, கடிகாரக்காரர் யாராவது வந்து உக்காந்திருந்தாரா?"

"இல்லங்க" என்றாள் மாமியார். "குடையை விரிச்சேன்."

அவர் பைகளைக் கீழே வைத்தார். ஒரு தக்காளி உருண்டு மெஷினுக்கு அடியில் போனது, யாரும் எடுக்கவில்லை. அவர் மெதுவாக வந்து மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அக்காவுக்கு என்ன பேருப்பா?" என்று மகன் கேட்டான்.

"பேரு எங்கடா வச்சோம்" என்றாள் மாமியார். "அதுக்குள்ளதான்..."

"நான் வச்சேன்" என்றார் மாமனார்.

மாமியார் அவரை அப்படியே பார்த்தாள்.

"நடந்து வந்தோமே, அப்ப வச்சேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அப்புறம் நீ கேக்கவும் இல்ல."

"இத்தனை வருஷமா!" என்றாள் மாமியார். "இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்தீங்களா? ஓட்டைக் குடை, ஓட்டைக் குடை!" அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான். அவர் எழுந்து அவள் காதோரம் குனிந்தார். அந்தப் பெயரைச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து, மருமகளை விரலால் கிட்டே அழைத்தாள்.

மருமகள் குனிந்தாள். சூடான மூச்சோடு அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. அழகான பெயர். அந்த வீட்டில் முதல் தடவையாக, கணவனுக்கும் முன்பே ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு?" என்றான் கணவன்.

"உன் பொண்டாட்டியைக் கேட்டுக்கோ" என்றாள் மாமியார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அப்போது போன் அடித்தது. மாடி வீட்டுக்காரர். நால்வரும் அந்தப் போனையே பார்த்தார்கள். கணவன் கை நீட்டுவதற்குள் மருமகள் எடுத்துவிட்டாள்.

"சார், வணக்கம் சார். வீடு ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு சார், எங்களுக்கு விடவே மனசில்ல. ஆனா என்ன பண்றது, எங்க பீரோ ரொம்பப் பெரிசு. உங்க மாடிப்படியில ஏறவே ஏறாது. ஆமா சார். மன்னிச்சுக்கோங்க சார்."

போனை வைத்தாள். மாமனார் புருவத்தைத் தூக்கினார். "ஏம்மா, நம்ம வீட்ல ஏது பீரோ?"

"ஆரஞ்சு சட்டை மாமா" என்றாள்.

மாமனார் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மாமியார் நீலத் திரைச்சீலையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தத் துணி இந்த வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கே சரியாக இருக்கும், கொஞ்சம் ஓரம் மடித்தால் போதும் என்று அவள் சொன்னதும் மறுபடி சிரித்தார்கள்.

கணவன் மட்டும் மருமகளின் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தான். "பேரு என்ன, சொல்லேன்."

மருமகள் குனிந்து மெஷினுக்கு அடியிலிருந்து தக்காளியை எடுத்துப் பையில் போட்டாள்.

"வரும்போது வரும், விடு" என்றாள்.